நசெல்: பொறிக்கூடு ஆன குட்டிப் படகு

விமானத்துக்கு வெளியே உருளையாகத் தெரிவதைக் காட்டி ‘அதோ எஞ்சின்’ என்கிறோம். உண்மையில் நம் கண்ணில் படுவது எஞ்சினே அல்ல, அது குடியிருக்கும் வீடு. அந்த வீட்டின் பெயர் நசெல் (nacelle). அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடினேன். முன்னால் காற்றை உள்ளே வாங்கும் வாய், பக்கவாட்டில் மெக்கானிக் திறந்து பார்க்கும் மூடிகள், பின்னால் சூடான காற்று சீறி வெளியேறும் குழல் எல்லாம் சேர்ந்ததுதான் அது. உள்ளே இருக்கும் எஞ்சின் இந்தச் சொல்லில் அடங்காது.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே நசெல் என்றால் சின்னப் படகு. ‘நாவிஸ்’ என்றால் இலத்தீனில் கப்பல். அதன் குறுமை வடிவம் ‘நாவிசெல்லா’. அது தேய்ந்து நசெல் ஆயிற்று. பறக்கும் பலூனுக்கு அடியில் ஆட்கள் நிற்கும் கூடை படகு மாதிரி தொங்கியதால் அதற்கும் இதே பெயரை வைத்தார்கள். முதல் உலகப் போரில் புரொப்பெல்லரைப் பின்னால் வைத்துப் பறந்த விமானங்களில், விமானியும் துப்பாக்கிக்காரரும் உட்கார்ந்த தொட்டி நசெல் ஆனது. பிறகு ஆட்கள் விமானத்தின் உடலுக்குள் போய்விட்டார்கள்; பெயர் எஞ்சினின் கூட்டோடு தங்கிவிட்டது. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைக் கம்பத்தின் உச்சியில், இறக்கைகளுக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கிறதே, அதற்கும் நசெல் என்றுதான் பெயர். பழுது பார்ப்பவர்கள் ஏறி உள்ளே நுழைவதால், அங்கே மட்டும் மறுபடி மனிதர்கள் குடிவந்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

‘நாவிஸ்’ என்றதும் நமக்கு நாவாய் நினைவுக்கு வரும். ‘நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி’ என்று புறநானூற்றின் 66ஆம் பாட்டு தொடங்குகிறது. சமஸ்கிருத ‘நௌ’, கிரேக்க ‘நௌஸ்’, இலத்தீன் ‘நாவிஸ்’ மூன்றும் ஒரே குடும்பம். நாவாயை அந்தக் குடும்பத்தில் சேர்ப்பவர்களும் உண்டு, தமிழ்ச் சொல்லே என்பவர்களும் உண்டு. எப்படியானாலும் நசெலைக் ‘குறுநாவாய்’ என்று பெயர்க்க எனக்கு மனமில்லை. பிரெஞ்சுக்காரரே மறந்த படகை நாம் எதற்கு விமானத்தில் ஏற்ற வேண்டும்?

அப்படியானால் எது? ‘உறை’ என்றால் கத்தி உறை, தலையணை உறை என்று இறுக்கமாகப் பொருந்தும் போர்வை நினைவுக்கு வரும். நசெலுக்குள் காற்று ஓட இடம் இருக்கிறது. அதனால் ‘கூடு’ பொருத்தம். ‘எஞ்சின் கூடு’ என்றால் யாருக்கும் புரியும், பேச்சில் அதையே சொல்லலாம். ஆனால் காற்றாலைப் பெட்டிக்குள் எஞ்சின் கிடையாது, பல்சக்கரப் பெட்டியும் மின்னாக்கியும்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து ‘பொறிக்கூடு’ என் தேர்வு. எலிப்பொறி ஞாபகம் வருகிறதே என்று கேட்பீர்கள். வரத்தான் செய்கிறது, இடம் பார்த்துப் பொருள் கொள்வது தமிழுக்குப் புதிதல்ல.

இன்னொரு சொல்லையும் எழுதிப் பார்த்தேன்: ‘தொங்குகூடு’. பெரிய பயணிகள் விமானங்களில் இறக்கைக்கு அடியில் தொங்குவதைப் பார்த்துப் பழகிய கண் அது. எஞ்சின்கள் இறக்கைக்கு மேலே நிற்கும் ஹோண்டாஜெட் என்ற சிறு விமானம் ஞாபகம் வந்ததும் அடித்துவிட்டேன்.

சில பேர் மட்டும் பறக்கும் சிறிய வணிக ஜெட்டுகளின் இறக்கை தரைக்கு மிக அருகில் இருக்கும். அடியில் எஞ்சினைத் தொங்கவிட இடம் போதாது. 1959இல் மெக்டொனல் நிறுவனம் நான்கு எஞ்சின்களை இறக்கைக்கடியில் தொங்கவிட்டு ஒரு சிறு ஜெட்டைப் பறக்கவிட்டது. கட்டியது அந்த ஒன்று மட்டுமே. 1955இல் பறந்த பிரெஞ்சுக் கேரவெல் பயணிகள் விமானம் எஞ்சின்களை வாலருகே உடலின் இருபுறமும் ஒட்டி வைத்து வழிகாட்டியது. 1963இல் வந்த லியர்ஜெட் உட்பட பெரும்பாலான சிறு ஜெட்டுகள் அந்த வழியில்தான் போயின. அதிலும் ஒரு தொல்லை உண்டு. எஞ்சினைத் தாங்கும் சட்டம் உடலுக்குள் குறுக்கே ஓடி, பெட்டி வைக்கும் இடத்தைத் தின்றுவிடும். இரைச்சலும் அதிர்வும் உடலுக்குள் வரும்.

ஹோண்டாவின் பொறியாளர் மிச்சிமாசா ஃபுஜினோ 1997இல் ஒரு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வேறு மாதிரி வரைந்தார்: பொறிக்கூடு இறக்கைக்கு மேலே, பின்தள்ளி, ஒரு தாங்கியின் மீது. கேட்டவர்களுக்கு இது விபரீதமாகப் பட்டிருக்கும். ஏனென்றால் விமானத்தைத் தூக்குவதில் பெரும்பங்கு இறக்கைக்கு மேலே ஓடும் வேகக் காற்றுக்குத்தான். அங்கே போய் இடைஞ்சலாக ஒன்றை நட்டால் காற்று ஒலியின் வேகத்தை மீறி ‘அதிர்ச்சி அலை’ எழுந்து, விமானத்தைப் பின்னால் இழுக்கும் தடையான ‘இழுவை’ கூடும் என்பது பாடம். 1971இல் பறந்த ஜெர்மானிய வி.எஃப்.டபிள்யூ 614 பயணிகள் விமானத்தில் எஞ்சின்கள் இறக்கைக்கு மேலேதான் இருந்தன. அதில் கட்டப்பட்டவை 19தான். ஃபுஜினோ கணக்கிட்டும் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தும் கண்டது இது: கூட்டைச் சரியான இடத்தில் வைத்தால், அதிவேகத்தில் இறக்கைக் காற்றும் கூட்டுக் காற்றும் ஒத்துப்போய் அந்த இழுவை குறையவே செய்யும். 2003 டிசம்பரில் வடக்குக் கரோலினாவின் கிரீன்ஸ்போரோவில் ஹோண்டாஜெட்டின் முதல் பறப்பு. அமெரிக்க அரசின் சான்றிதழ் 2015 டிசம்பரில்தான் கிடைத்தது. எஞ்சினைத் தாங்கும் சட்டம் உடலுக்குள் இல்லாததால் பயணிகளுக்கும் பெட்டிகளுக்கும் கூடுதல் இடம் மிஞ்சியது.

2016இல் சான்று பெற்ற சிர்ரஸ் விஷன் ஜெட் இன்னொரு கோடி. ஒரே எஞ்சின், அதுவும் விமானத்தின் முதுகில். பின்னால் சீறும் காற்றுக்கு வழிவிட்டு வால் இரண்டாகப் பிரிந்து வி வடிவில் நிற்கும். உந்துவிசை மேலேயிருந்து தள்ளினால் மூக்கு கீழே சாயப் பார்க்கும் என்பதால், வடிவமைப்பவர்களுக்கு அது தனித் தலைவலி.

கூட்டை விமானத்தோடு இணைக்கும் ‘பைலான்’ கிரேக்கச் சொல். கோயில் வாயில் கோபுரம் மாதிரியான நுழைவாயிலுக்குப் பெயர். எஞ்சின் அடியில் தொங்கினாலும் மேலே நின்றாலும் பொருந்துவது ‘தாங்கி’ என்ற எளிய சொல்தான்.

சொல்லாட்சி: ஹோண்டாஜெட்டின் பொறிக்கூடுகள் இறக்கைக்கு மேலே தாங்கிகளில் நிற்கின்றன. சோதனையோடு நின்றுபோன டயமண்ட் டி-ஜெட் என்ற சிறு விமானத்தின் எஞ்சின் உடலுக்குள்ளேயே புதைந்திருந்ததால் அதற்குப் பொறிக்கூடே கிடையாது.