ஓட்டுநர் இல்லாத ரயிலில் மிச்சமாவது சம்பளமா, நேரமா?

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கான மூன்று பெட்டி ரயில்கள் ஓட்டுநர் இல்லாமல் ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. "ஓட்டுநர் சம்பளம் மிச்சமானால் டிக்கெட் விலை குறையுமா, இல்லை வேலை போவது மட்டும்தானா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் மிச்சம் எங்கே என்று தேடிப்போனால் சம்பளப் பட்டியலில் கொஞ்சம்தான் அகப்படுகிறது. பெரும்பங்கு, ரயில் கடைசி நிலையத்துக்குப் போய்த் திரும்பும் அந்த மூன்று நிமிடத்தில் இருக்கிறது.

முதலில் ரயிலைத் தானியங்கியாக்கும் படிநிலைகளை வேகமாகப் பார்த்துவிடுவோம். முதல் படியில் மனிதர் ஓட்டுகிறார். வேகம் மீறினாலோ சிவப்பு சிக்னலைத் தாண்டினாலோ கருவி பிரேக் போடும். இரண்டாம் படியில் கருவியே ஓட்டி நிறுத்தும். கதவை மூடிப் புறப்பாட்டுப் பொத்தானை அழுத்துவது ஓட்டுநர் வேலை. லண்டனின் விக்டோரியா பாதை 1968 முதல் இப்படித்தான் ஓடுகிறது. சென்னை மெட்ரோ முதல் கட்டமும் இந்தப் படிதான். மூன்றாம் படியில் ஓட்டுநர் அறையில் யாரும் இல்லை, ஆனால் ரயிலுக்குள் ஒரு பணியாளர் கதவைக் கவனிப்பார்; 1987இல் திறந்த லண்டன் டாக்லண்ட்ஸ் ரயில் இந்த வகை. நான்காம் படியில் ரயிலுக்குள் பணியாளரே தேவையில்லை. ஜப்பானின் கோபே 1981இலும், பிரான்சின் லில் 1983இலும், கனடாவின் வான்கூவர் 1985இலும் அங்கே போய்விட்டன. டெல்லி மெட்ரோவின் மெஜந்தா பாதை 2020 டிசம்பர் 28 அன்று ஓட்டுநரில்லாச் சேவையைத் தொடங்கியது.

இரண்டாம் படிக்கு வந்த பிறகும் ரயிலுக்கு ஒருவர் தேவை என்பதைக் கவனியுங்கள். கருவி எவ்வளவு ஓட்டினாலும் சம்பளக் கணக்கு மாறுவதில்லை.

அந்தக் கணக்கை ஒரு மாதிரியாகப் போட்டுப் பார்க்கலாம். 20 கி.மீ. பாதை, ஒரு வழிக்கு 35 நிமிடம், மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில். போக வர 70 நிமிடம். இரு முனைகளிலும் திரும்ப நான்கு நான்கு நிமிடம் சேர்த்தால் 78. அதை மூன்றால் வகுத்தால் ஒரே நேரத்தில் 26 ரயில்கள் பாதையில் இருக்க வேண்டும். சேவை நாளுக்கு 18 மணி நேரம். எட்டு மணி நேரப் பணியில் ஒருவர் உண்மையில் கைப்பிடியில் இருப்பது ஐந்து மணி நேரம்போல. கையெழுத்து, மூச்சுச் சோதனை, உணவு, ரயில் மாற்றிக் கொடுப்பது எல்லாம் மீதி நேரத்தை எடுத்துக்கொள்ளும். வார ஓய்வு, விடுப்பு, பயிற்சி சேர்த்தால் ஒரு ரயிலுக்குச் சுமார் ஆறு பேர். ஆக 150 பேர் சொச்சம். ஆளுக்கு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் என்று வைத்தால் 12 கோடி. ஓட்டுநரில்லா ரயிலிலும் பாதை முழுக்கச் சுற்றிவரும் பழுது நீக்குநர்களும் கட்டுப்பாட்டு அறையில் கூடுதல் ஆட்களும் வேண்டும். அவர்கள் சம்பளத்தைக் கழித்தால் மிச்சம் இன்னும் சுருங்கும். பல்லாயிரம் கோடியில் கட்டும் ஒரு மெட்ரோவில் இதை வைத்து டிக்கெட் விலை குறையாது.

இனி கடைசி நிலையத்துக்கு வருவோம். ஒரு பாதையில் எத்தனை ரயில் ஓடலாம் என்பதை நடுவழி தீர்மானிக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். இன்றைய வானொலி வழிச் சிக்னல் முறையில், முன்னே போகும் ரயிலின் வாலைக் கணக்கிட்டுப் பின்னால் வரும் ரயில் நெருங்குகிறது. நடுவழியில் 90 நொடி இடைவெளி எளிதில் சாத்தியம். கழுத்தைப் பிடிப்பது முனை.

ஒரு பொதுவான அமைப்பை எடுத்துக்கொள்வோம். கடைசி நிலையத்துக்கு அப்பால் ஒரே ஒரு திருப்புப் பாதை. ரயில் வருகிறது, எல்லாரும் இறங்குகிறார்கள், யாரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லையா என்று பணியாளர் பார்க்கிறார். காலி ரயில் திருப்புப் பாதைக்குள் நுழைந்து நிற்க 35 நொடி. இப்போது ஓட்டுநர் பிரேக்கைப் பிடித்து வைத்து, கைப்பிடியை நடுநிலைக்குக் கொண்டுவந்து, சாவியை எடுத்து, அறையைப் பூட்டி, ரயிலின் மறுமுனைக்கு நடக்கிறார். ஆறு பெட்டி ரயில் ஏறக்குறைய 130 மீட்டர். நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் விறுவிறுவென நடந்தாலும் 80 நொடி. மறுமுனை அறையைத் திறந்து, சாவி போட்டு, பிரேக்கைச் சோதித்து, திரையில் ரயில் எண் சரியா என்று பார்க்க இன்னும் 20 நொடி. மொத்தம் 100. அவர் நடக்கும்போதே பாயிண்ட் (ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் நகரும் தண்டவாளம்) மாறி வழி தயாராகிவிடும், அதில் இழப்பில்லை. பிறகு ரயில் வெளியே வர வேண்டும். வெளியே வருவது என்றால் முகம் வெளிவருவது போதாது. கடைசிச் சக்கரம் பாயிண்டைத் தாண்ட வேண்டும்.

இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் பள்ளி இயற்பியலே போதும். பாயிண்டின் வளைவில் மணிக்கு 35 கி.மீ., அதாவது நொடிக்கு 9.7 மீட்டர்தான் அனுமதி என்று கொள்வோம். நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் வேகம் கூடினால் அந்த வேகத்தை எட்ட 9.7 நொடி, அதற்குள் 47 மீட்டர் நகர்ந்திருக்கும். ரயில் நீளம் 130, பாயிண்டுகளும் இடைவெளியும் 90 என்றால் வால் கடக்க வேண்டியது 220 மீட்டர். மீதி 173 மீட்டருக்கு 18 நொடி. மொத்தம் 28. மூன்று பெட்டி ரயிலென்றால் நீளம் பாதியாகி, இதே வேலை 21 நொடியில் முடிந்துவிடும். வால் தாண்டியதும் பாயிண்ட் நகர்ந்து, பூட்டி, பூட்டியது உறுதியாகி, அடுத்த ரயிலுக்கு வழி கிடைக்க 12 நொடி.

கூட்டுங்கள்: 35 + 100 + 28 + 12 = 175 நொடி. நடுவழியில் என்னதான் நவீன சிக்னல் போட்டாலும், இந்த முனையில் மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயிலுக்கு மேல் திரும்பாது. மணிக்கு 20 ரயில், அவ்வளவுதான். ஓட்டுநர் நடக்கத் தேவையில்லாத ரயிலில் மறுமுனைக் கணினி பொறுப்பேற்றுத் தன்னைச் சரிபார்த்துக்கொள்ள 15 நொடி கொடுத்தாலும் மொத்தம் 90. மணிக்கு 40 ரயில். ஒரு மீட்டர்கூடப் புதிய தண்டவாளம் போடாமல் முனையின் கொள்ளளவு இரட்டிப்பாகிறது!

ஓட்டுநரை வைத்துக்கொண்டே இந்த இழப்பைக் குறைக்க ஒரு பழைய உத்தி உண்டு. வந்த ஓட்டுநர் இறங்கி நிற்பார்; மறுமுனையில் ஏற்கெனவே காத்திருக்கும் இன்னொருவர் ரயிலை எடுத்துப் போவார்; இறங்கியவர் அடுத்த ரயிலின் மறுமுனைக்குப் போவார். லண்டன் உட்படப் பல ஊர்களில் நெரிசல் நேரத்தில் இது நடக்கிறது. நன்றாக வேலை செய்யும். ஆனால் முனைக்கு ஓரிரு ஓட்டுநர் கூடுதலாக வேண்டும், ஒருவர் தாமதமானால் அது அடுத்தடுத்த ரயில்களுக்குத் தொற்றும். நேரத்தை ஆள் கொடுத்து வாங்குகிற வழி இது.

முனையில் நேரம் குறைந்தால் ரயில் எண்ணிக்கையும் குறையும். நம் மாதிரியில் திரும்பும் நேரம் நான்கிலிருந்து ஒன்றரை நிமிடமானால் சுற்று 73 நிமிடம். 25 ரயில் போதும். மிச்சமான அந்த ஒரு ரயிலின் விலை 30 கோடி ரூபாய்க்கு மேல்.

பயணிக்குக் கிடைக்கும் பலன் பகல் 12 மணி, இரவு 10 மணி போன்ற கூட்டம் குறைந்த நேரங்களில்தான் அதிகம். ஓட்டுநர் இருக்கும் பாதையில் ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு பணி நேரம் செலவாகிறது, ரயில் நீளமோ குட்டையோ. அதனால் நிர்வாகம் நீள ரயிலை அரிதாக ஓட்டப் பார்க்கும். ஓட்டுநர் இல்லையென்றால் ஆறு பெட்டி ரயிலை எட்டு நிமிடத்துக்கு ஒன்று விடுவதும், மூன்று பெட்டி ரயிலை நான்கு நிமிடத்துக்கு ஒன்று விடுவதும் ஏறக்குறைய ஒரே மின்சாரம், ஒரே இருக்கை எண்ணிக்கை. பயணி காத்திருப்பது பாதியாகிறது. வான்கூவரும் கோபன்ஹேகனும் குட்டை ரயில்களை அடிக்கடி விடுவது இதனால்தான். கோபன்ஹேகனில் இரவு முழுக்க ஓடுகிறது. சென்னை இரண்டாம் கட்டத்தின் மூன்று பெட்டிகளைப் பார்த்து "இவ்வளவு சின்ன ரயிலா?" என்று முகம் சுளிப்பவர்கள் இடைவெளி எவ்வளவு என்று முதலில் கேட்க வேண்டும். இடைவெளி ஏழெட்டு நிமிடமாக இருந்தால் அவர்கள் கோபம் நியாயம். இரண்டு நிமிடமாக இருந்தால் நீள ரயிலைவிட இது மேல்.

இடைவெளியின் சராசரி மட்டும் போதாது, சீரும் வேண்டும். ஆறு நிமிடத்துக்கு ஒரு ரயில் சரியாக வந்தால் சராசரிக் காத்திருப்பு மூன்று நிமிடம். அதே ரயில்கள் 2 நிமிடம், 10 நிமிடம், 2 நிமிடம், 10 நிமிடம் என்று வந்தால்? சராசரி இடைவெளி அதே ஆறுதான். ஆனால் நீள இடைவெளியில் மாட்டிக்கொள்ளும் பயணிகள்தான் அதிகம் என்பதால், இடைவெளிகளின் வர்க்கங்களைக் கூட்டி மொத்த நேரத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும்: 104ஐ 24ஆல். நான்கு நிமிடம் 20 நொடி. நிர்வாகத்தின் அறிக்கையில் எல்லா ரயிலும் ஓடியிருக்கும். பயணிக்கு 44 விழுக்காடு கூடுதல் காத்திருப்பு. தானியங்கி ரயில்கள் ஒன்றுபோல ஓடுவதால் இந்தச் சிதறல் குறைகிறது.

இனி மறுபக்கம். எந்த மெட்ரோவிலும் அன்றாடத் தொல்லை கதவு. பையின் பட்டை மாட்டும், கதவடியில் குப்பை அடையும், உணரி "மூடவில்லை" என்று சொல்லும், ரயில் நகராது. ஓட்டுநர் இருந்தால் அந்தக் கதவுக்கு நடந்து போய்ச் சாவியால் பூட்டித் தனிமைப்படுத்திவிட்டு மூன்று நான்கு நிமிடத்தில் கிளம்புவார். யாருமில்லாத ரயிலில் கட்டுப்பாட்டு அறை தொலைவிலிருந்து திறந்து மூடிப் பார்க்கும். சரியாகாவிட்டால் ஆள் வந்து சேர வேண்டும். அவர் இரண்டு நிலையம் தள்ளி இருந்தால் பத்து நிமிடம் போயிற்று, பின்னால் ஐந்து ரயில் வரிசை கட்டிவிடும். முனையில் சேமித்த நேரமெல்லாம் ஒரு கதவில் கரையும். ஆகவே ஓட்டுநரை எடுத்துவிட்டு நடைமேடை ஆட்களையும் குறைக்கும் நிர்வாகம் இரட்டைத் தவறு செய்கிறது. ஓட்டுநர் அறையில் இருந்தவரை நடைமேடைக்கும் பெட்டிக்குள்ளும் கொண்டுவருவதே சரி. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் இரவில் தனியே வரும் பெண்ணுக்கும், பூட்டிய அறைக்குள் இருக்கும் ஒருவரைவிடக் கண்ணில் படும் ஒருவர் பெரிய உதவி.

பாரிஸ் இதைக் கவனமாகச் செய்தது. 1900இல் திறந்த முதலாம் பாதையில், நீண்ட காலம் சேவையை நிறுத்தாமலே நடைமேடைக் கதவுகளை இரவுகளில் பொருத்தி, ஓட்டுநர் உள்ள ரயிலையும் இல்லாத ரயிலையும் சில காலம் கலந்து ஓட்டி, 2012 இறுதியில் முழுத் தானியங்கியாக்கினார்கள். ஓட்டுநர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. தொழிற்சங்கங்களோடு பேசி வேறு பாதைகளுக்கும் மேற்பார்வைப் பணிகளுக்கும் மாற்றினார்கள். நியூயார்க்கில் எல் பாதையில் 2005இல் ஓட்டுநர், கதவைக் கவனிக்கும் பணியாளர் என்ற இருவர் குழுவை ஒருவராக்கியபோது அது நடுவர் முன் போய், பழையபடி இருவரே ஆனார்கள். பேச்சுவார்த்தையைத் தவிர்த்தால் கருவி தயாராக இருந்தும் பலன் வராது.

பாதுகாப்பு? "ஓட்டுநர் இருந்தால் காப்பாற்றிவிடுவார்" என்பதும் "கணினி தவறே செய்யாது" என்பதும் இரண்டுமே நம்பிக்கைதான், ஆய்வு அல்ல. 2009 ஜூன் 22 அன்று வாஷிங்டனில் தண்டவாள மின்சுற்று ஒன்று முன்னே நின்ற ரயிலை உணரத் தவறியது. தானியங்கி முறையில் வந்த ரயிலின் ஓட்டுநர் அவசர பிரேக் போட்டார், தூரம் போதவில்லை. அவரோடு சேர்த்து ஒன்பது பேர் இறந்தார்கள். 2019 ஜூன் 1 அன்று யோகோஹாமாவின் கானசாவா கடலோரப் பாதையில், யாருமில்லாத ரயில் முனை நிலையத்தில் புறப்படும்போது எதிர்த்திசையில் ஓடிச் சுமார் 25 மீட்டரில் தடுப்பை மோதியது. பத்துப் பேருக்கு மேல் காயமடைந்தார்கள். திசைக் கட்டளையைக் கொண்டுபோகும் கம்பி அறுந்திருந்தது. மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவி பழைய திசையையே பிடித்துக்கொண்டிருக்க, திசை மாறிவிட்டதாக மற்றக் கருவிகள் நம்பின. அங்கே ஓர் ஓட்டுநர் இருந்திருந்தால் தவறான திசையைக் கண்டு பிரேக் போட்டிருக்கலாம். கட்டளை அனுப்பினோமா என்று பார்ப்பதற்கும் அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த 25 மீட்டர்.

சென்னைக் கடற்கரை – தாம்பரம் புறநகர் ரயிலை இப்படி மாற்ற முடியுமா என்றால், இப்போதைக்கு முடியாது. அங்கே முன்னால் மோட்டார்மேன், பின்னால் கார்டு. 12 பெட்டி ரயிலின் இரு முனையிலும் ஆள். பெரும்பாலான பெட்டிகளில் கதவு மூடுவதே இல்லை. மூடாத கதவை எந்தக் கணினியும் கண்காணிக்க முடியாது. மணி கொடுக்குமுன் நடைமேடையைப் பார்க்கும் கார்டின் கண்தான் அங்கே பாதுகாப்புக் கருவி. 2025 ஏப்ரலில் வந்த குளிர்சாதன ரயிலில் தானியங்கிக் கதவு உண்டு. எல்லா ரயிலுக்கும் அது வருவதே முதல் வேலை. ஆளைக் குறைக்கும் பேச்சு அதற்குப் பிறகு.

ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மெட்ரோக்களின் சிக்னல் மூளை பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களுடையது. ஒரு பாதைக்கு ஒருவரிடம் வாங்கினால் நீட்டிப்புக்கும் திருத்தத்துக்கும் அவரிடமே போக வேண்டும். டெல்லி மெட்ரோவும் பாரத் எலக்ட்ரானிக்ஸும் உருவாக்கிய ரயில் மேற்பார்வை அமைப்பு 2023 பிப்ரவரியில் சிவப்புப் பாதையில் ஓடத் தொடங்கியது. நல்ல தொடக்கம். அடுத்தது ரயிலை ஓட்டி நிறுத்தும் பகுதி. அதன் பாதுகாப்புச் சான்றுக்கு ஆண்டுக்கணக்கில் சோதனைத் தடமும் பொறியாளர்களும் வேண்டும். அதற்கான நிதியைச் செலவு என்று கருதி வெட்டக் கூடாது.

இரண்டாம் கட்டத்தை இயக்கிப் பராமரிக்கும் 12 ஆண்டு ஒப்பந்தம் 2025 ஜனவரியில் சுமார் 5,870 கோடி ரூபாய்க்கு டெல்லி மெட்ரோவிடம் போயிருக்கிறது. வாசகரின் கேள்விக்கு விடை அங்கேதான் உருவாகும். குறித்த நேரத்தில் ஓடிய ரயில்களின் விழுக்காட்டை மட்டும் அளந்தால் அந்த 2–10–2–10 கணக்கு யார் கண்ணிலும் படாது. லண்டனில் பயணி கூடுதலாக இழந்த நேரத்தையே அளக்கிறார்கள். அந்த எண்ணையும், கதவுப் பழுதுக்கு ஆள் போய்ச் சேர எடுத்த நிமிடங்களையும் சென்னையில் மாதந்தோறும் நிலையவாரியாக வெளியிட வேண்டும்.