கிருமிக்குக் கேட்ட மருந்து காலுக்குக் கேட்கவில்லை

அத்தையின் வலது காலில், முழங்காலுக்கு ஒரு சாண் கீழே, பச்சைப்பயறு அளவில் ஒரு துவாரம் இருந்தது. மழைநாளில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்து, கணைக்கால் எலும்பு முறிந்து, பெரியாஸ்பத்திரியில் பிளேட் வைத்து ஸ்க்ரூ அடித்திருந்தார்கள். தையல் போட்ட இடம் அழகாக ஆறிவிட்டது. மூன்றாம் மாதம்தான் இந்தத் துவாரம் வந்தது. கொஞ்சம் சீழ், கொஞ்சம் தண்ணீர். ஒரு கிழமைக்கு மாத்திரை கொடுத்தார்கள், காய்ந்துவிட்டது. அடுத்த மாதம் மறுபடி திறந்தது. மறுபடி மாத்திரை, மறுபடி காய்ந்தது. மூன்றாவது தடவை திறந்தபோது லயத்தில் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். ஒப்பரேஷனில் பிழை என்றார் ஒருவர். கருவாடு தின்றதுதான் என்றார் இன்னொருவர். கண்ணூறு என்று செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டதும் நடந்தது. அத்தை சொன்னது ஒன்றுதான்: "மருந்து கேக்கல தம்பி."

அப்புறம் சீழை எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு, அனுப்பினார்கள். முடிவு எழுதிய துண்டு வந்தது. கிருமியின் பெயர் ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ். குளொக்சசிலின் என்ற பெனிசிலின் குடும்ப மருந்துக்கு நேரே, மருந்து கேட்கும் என்று குறித்திருந்தது. அத்தை இரண்டு தடவையும் விழுங்கியது அதே மருந்துதான். ஆய்வுகூடத் தட்டில் சாகிற கிருமி காலுக்குள் ஏன் சாகவில்லை? நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், வைத்தியன் இல்லை. ஆனாலும் அந்தத் துண்டு என்னை விடவில்லை.

முதலில் கிருமியைப் பார்ப்போம். 1880இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் அலெக்சாண்டர் ஒக்ஸ்டன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், கட்டிகளிலிருந்து எடுத்த சீழை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். திராட்சைக் குலைபோல உருண்டை உருண்டையாகக் கூடி நின்றன. அதனால் திராட்சைக் குலைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து 1882இல் அவர் வைத்த பெயர்தான் ஸ்டெபிலோகொக்கஸ். ஓரியஸ் என்றால் பொன்னிறம். தட்டில் வளரும்போது அந்த நிறம் தெரியும். ஓர் உருண்டையின் குறுக்களவு ஏறக்குறைய ஒரு மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இது எங்கிருந்தோ வந்து தாக்குகிற அந்நியக் கிருமி இல்லை. பத்துப் பேரை நிறுத்தினால் ஏறத்தாழ மூன்று பேரின் மூக்குக்குள் இது சும்மா குடியிருக்கும். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. தோலில் ஒரு திறப்புக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். அட்டை கடித்துச் சொறிந்த இடமோ, சிரங்கோ, வைத்தியரின் கத்தி திறந்த இடமோ, எதுவானாலும் அதற்குச் சரி. பெரும்பாலும் நோயாளியின் சொந்த மூக்கிலிருக்கும் கிருமியே காயத்துக்கு வருகிறது. சில பெரிய ஒப்பரேஷன்களுக்கு முன் மூக்குக்குள் களிம்பு பூசி, கிருமிகொல்லித் திரவத்தால் குளிக்க வைப்பது இதனால்தான். எனவே, புண் சீழ் பிடித்தாலே வீடு சுத்தமில்லை என்று முடிவுகட்டுவது நியாயமில்லை. ஒரு காம்பிராவில் ஆறு பேர் படுக்கிற இடத்தில் ஒருவரின் துவாயை மற்றவர் எடுக்காமல் இருப்பது நல்லதுதான், சாத்தியமானால்.

சரி, மருந்து கேட்காத கதைக்கு வருவோம். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, எல்லோரும் கேள்விப்பட்டது: கிருமி மாறிவிடுவது. பெனிசிலின் குடும்ப மருந்துகள், கிருமி தன் கலச்சுவரைக் கட்டும்போது அந்த மேசன்மாரின் கையைப் பிடித்துக்கொள்கின்றன. சுவர் பாதியில் நிற்கும், கிருமி வெடித்துச் சாகும். சில கிருமிகள் மருந்தால் பிடிக்க முடியாத வேறொரு மேசனை வைத்துக்கொண்டன. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று வார்ட்டில் தாழ்ந்த குரலில் சொல்கிறார்களே, அது இந்த வகை. மெதிசிலின் என்ற மருந்து வந்த கையோடு, 1961இலேயே இங்கிலாந்தில் இதைக் கண்டுவிட்டார்கள். இப்படி மாறிய கிருமி என்றால் கல்ச்சர் துண்டு காட்டிக்கொடுத்துவிடும். மருந்தை மாற்றலாம்.

அத்தையின் துண்டு அப்படிச் சொல்லவில்லை. அங்கே நடந்தது இரண்டாவது விஷயம்: கிருமி மாறவில்லை, ஒளிந்துகொண்டது. இதைத்தான் துண்டு காட்டாது.

எங்கள் லயத்துப் பீலியடியில் ஒரு சீமெந்துக் கல் இருக்கிறது. இரவு பகலாக அதன்மேல் தண்ணீர் விழுகிறது. இவ்வளவு தண்ணீர் விழுந்தும் கல் சுத்தமாக வேண்டாமா? காலை வைத்துப் பாருங்கள், வழுக்கி விழுவீர்கள். நாம் பாசி என்று சொல்லும் அந்த வழுவழுப்பில் பாசி மட்டும் இல்லை. பற்றீரியாக்கள் கல்லில் ஒட்டிக்கொண்டு, தாங்களே ஒரு பசையைச் சுரந்து, அதற்குள் குடியிருக்கின்றன. விஞ்ஞானத்தில் இதை உயிர்ப்படலம் என்பார்கள். சவர்க்காரத் தண்ணீரை ஊற்றினாலும் போகாது. தும்பு பொச்சால் அழுத்தித் தேய்த்தால்தான் போகும்.

எலும்பில் வைத்த பிளேட்டும் கிருமிக்குப் பீலியடிக் கல்தான். உலோகத்துக்குள் இரத்தக் குழாய் இல்லை. வெண்குருதிக் கலங்கள் அதன் மேற்பரப்பில் சரியாக வேலை செய்ய முடியாமல் தடுமாறுகின்றன. வெளிப்பொருள் ஒன்று உள்ளே இருப்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை 1957இல் எலெக், கோனென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். தன்னார்வலர்களின் தோலுக்குள் இந்தக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். வெறும் தோலில் சீழ்க்கட்டி வர, பத்து லட்சங்களுக்கும் மேல் கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தால் சில நூறு கிருமிகளே போதுமாக இருந்தன. இன்று அப்படியொரு சோதனைக்கு எந்த ஒழுக்கநெறிக் குழுவும் அனுமதி கொடுக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தச் சிறு நூலை நினைத்துக்கொண்டு பிளேட்டையும் ஆறு ஸ்க்ரூவையும் பார்த்தால், அத்தையின் கால் வேறு மாதிரித் தெரிகிறது.

படலத்தின் ஆழத்தில் இருக்கும் கிருமிகளுக்குச் சாப்பாடும் ஒட்சிசனும் குறைவு. அதனால் அவை வளர்வதை நிறுத்தித் தூங்குகின்றன. இங்கேதான் மருந்து தோற்கிறது. சுவர் கட்டாமல் படுத்திருக்கிறவனுக்கு மேசனின் கையைப் பிடித்து என்ன பயன்? 1944இல் ஜோசப் பிகர் என்ற ஆய்வாளர், பெனிசிலினில் ஊறிய ஸ்டெபிலோகொக்கஸ் கூட்டத்தில் மிகச் சில மட்டும் சாகாமல் இருப்பதைக் கவனித்தார். அவற்றை எடுத்து மறுபடி வளர்த்தால், அவற்றின் பிள்ளைகள் பெனிசிலினுக்கு வழக்கம்போலச் செத்தன. அப்படியானால் தப்பியவை பலசாலிகள் இல்லை, அந்த நேரத்தில் தூங்கியவை. காய்கறித் தோட்டம் செய்கிறவர்களுக்கு இது புதிதில்லை. கோரைக்கு மருந்து அடித்தால் மேலே இலை கருகும். மண்ணுக்குள் கிழங்கு சும்மா கிடக்கும். மழை விழுந்ததும் அதே கோரை. ஆய்வுகூடத் தட்டில் வைப்பது, நன்றாகத் தின்று வளர்கிற இலையைத்தான். கிழங்கை யாரும் பரிசோதிக்கவில்லை.

எலும்புக்குள் இன்னும் இரண்டு மறைவிடங்கள் உண்டு. எலும்பு கல் மாதிரித் திண்மம் இல்லை. அதற்குள் ஒரு மைக்ரோனைவிடவும் ஒடுங்கிய நுண்ணிய வாய்க்கால்கள் ஓடுகின்றன. உருண்டையான இந்தக் கிருமி நசுங்கி நீண்டு அவற்றுக்குள் புகுந்து கிடப்பதை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்திருக்கிறார்கள். வெண்குருதிக் கலம் அதைவிடப் பத்து மடங்கு பெரியது, உள்ளே போக வழியில்லை. மற்றது, செத்த எலும்புத் துண்டு. அங்கே இரத்தம் ஓடாது. மாத்திரையின் மருந்து இரத்தத்தில்தான் பயணம் செய்கிறது, பாதை இல்லாத இடத்துக்கு எப்படிப் போகும்? சில கிருமிகள் நம்முடைய சொந்தக் கலங்களுக்குள்ளேயே நுழைந்து, மெதுவாக வளரும் சிறிய உருவமாக மாறி இருந்துவிடுவதும் உண்டு. தட்டிலும் அவை மெதுவாகவே முளைப்பதால் வழக்கமான இரண்டு நாள் கல்ச்சரில் தவறிவிடக்கூடும்.

சின்னம்மை ஒருமுறை வந்தால் பொதுவாக மறுபடி வராது. இந்தக் கிருமி மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? அது ஒரு கெட்டிக்காரத் திருட்டு வேலை செய்கிறது. நம் உடலின் பிறபொருளெதிரிக்கு (அன்டிபொடி) தலைப்பக்கம், வால்பக்கம் என்று இரண்டு உண்டு. தலையால் கிருமியைப் பிடித்து, வாலை வெளியே நீட்டிக்கொண்டு, வெண்குருதிக் கலத்தைக் கூப்பிடும். ஸ்டெபிலோகொக்கசின் மேலிருக்கும் ஒரு புரதம் அந்த வாலையே பிடித்துக்கொள்கிறது. கூப்பிடும் வாய் அடைபட்டுப்போகிறது. இந்தக் கிருமிக்கு இதுவரை தடுப்பூசி வரவில்லை. முயன்ற பல பரிசோதனைகள் தோற்றுப்போயின.

இதெல்லாம் தெரிந்த பிறகு எலும்பு டொக்டர் சொன்னது புரிந்தது. எலும்பு பொருந்திவிட்டதால் பிளேட்டைக் கழற்றி, செத்த எலும்பைச் சுரண்டி எடுத்து, அதற்குப் பிறகு ஆறு கிழமை மருந்து. முதலில் தும்பு பொச்சு, பிறகு சவர்க்காரம். எலும்பு பொருந்தாமல் இருந்திருந்தால் கதை வேறு. பிளேட் இருக்கட்டும், கிருமியை மருந்தால் அமுக்கி வைத்திருப்போம், பொருந்தியதும் கழற்றுவோம் என்பார்கள். ஒப்பரேஷனுக்குள்ளேயே எலும்புத் துண்டுகளை எடுத்து மறுபடி கல்ச்சருக்கு அனுப்பினார்கள். துவாரத்தின் வாயில் தொட்டு எடுக்கிற சீழில் தோலில் இருக்கிற கண்ட கிருமியும் கலந்துவிடும், ஆழத்தில் எடுப்பதுதான் நம்பிக்கையானது.

ஆறு கிழமை ஊசி என்றால் வார்ட்டில் கிடக்க வேண்டுமே, வேலைப் பேரும் சம்பளமும் போகுமே என்று அத்தை அழுதார். இதிலும் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பிரித்தானியாவில் 1,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2019இல் வந்தது. எலும்பு, மூட்டுத் தொற்றுக்கு முதல் ஆறு கிழமை ஊசிக்குப் பதிலாகப் பொருத்தமான மாத்திரை கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று அது காட்டியது. யாருக்கு எது என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். அத்தைக்கு முதலில் ஊசி, பிறகு வீட்டில் மாத்திரை என்றானது.

மாத்திரைகளில் ஒன்று ரிஃபாம்பிசின். படலத்துக்குள் புகுந்து, மந்தமாகக் கிடக்கிறவற்றையும் தாக்கக்கூடிய சில மருந்துகளில் ஒன்று. தனியாகக் கொடுத்தால் கிருமி சீக்கிரம் எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளும் என்பதால் எப்போதும் இன்னொரு மருந்தோடுதான் கொடுப்பார்கள். ஆனால் அது சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் என்று அத்தைக்கு யாரும் சொல்லவில்லை. இரத்தம் போகுது என்று விடியற்காலை எனக்குக் கோல். அது காசநோய்க்கும் கொடுக்கிற மாத்திரை என்பதால், அத்தைக்குக் காசம் என்று லயம் முழுக்கக் கதை பரவியது வேறு விஷயம்.

கருவாடு விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். காயம் ஆறப் புரதம் வேண்டும். முட்டையும் மீனும் பருப்பும் தள்ளிவைத்து, ரொட்டியும் தேத்தண்ணியுமாக இருப்பதுதான் கெடுதல். உண்மையில் பார்க்க வேண்டியது சீனி வருத்தத்தை. குருதியில் குளுக்கோசு ஏறியிருந்தால் வெண்குருதிக் கலங்கள் மந்தமாகிவிடும். காயத்தில் கோப்பித்தூள் வைப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

துவாரம் மூடியது. மூடியே இருக்கிறது. ஆனால் அத்தையின் வருத்தம் அதோடு முடியவில்லை. தழும்பைச் சுற்றி மரத்துப்போயிருந்தது. நடுநடுவே மின்சாரம் பாய்வதுபோல ஓர் இழுப்பு, இரவில் அரிப்பு, சேலை உரசினாலே எரிச்சல். "உள்ளுக்க இன்னும் கிருமி இருக்கு, அதான்" என்றார். இரண்டு தடவை ஏமாந்தவர், அவரைக் குறை சொல்ல முடியாது. டொக்டர் அழற்சியைக் காட்டும் சீ.ஆர்.பி. இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தார். அழற்சி இல்லை. இது கிருமியின் வேலை இல்லை, நரம்பின் வேலை.

கத்தி போன இடத்தில் தோலின் நரம்புகள் அறுந்திருக்கும். அறுந்த நரம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வளரும். அதுவும் நேராகப் போகாது, தழும்பில் முட்டி வழி தேடும். வளரும் நுனி காரணமில்லாமல் சுடும், கூசும், இழுக்கும். மாதக்கணக்கில் வலியைக் கேட்டுக் கேட்டு முள்ளந்தண்டு நரம்புகளும் அரண்டுபோயிருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே, சேலை உரசலையும் அவை வலி என்றே மேலே சொல்லி அனுப்பும். ஒப்பரேஷன் முடிந்து மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற இந்த வலிக்கென்று தனி மருந்தும் பயிற்சியும் உண்டு. கற்பனை என்று ஒதுக்க வேண்டியதில்லை. அன்டிபயோட்டிக்கால் மட்டும் இது போகாது. தழும்புத் தோலும் ஒரு வருடம் வரை தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். எவ்வளவு திருத்தினாலும் பழைய தோலின் பலத்தில் ஏறத்தாழ 80 வீதத்தைத் தாண்டாது.

அத்தைக்கு நான் சொல்லி வைத்தது இவ்வளவுதான். வலி வந்து போனால் பொறுக்கலாம். நாளுக்கு நாள் ஏறினால், சிவந்து சுட்டால், காய்ச்சல் வந்தால், பழைய இடத்தில் ஒரு சொட்டு ஈரம் கண்டாலும், மீந்த மாத்திரையைத் தேடாமல் அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். மீந்த மாத்திரை இலையை மட்டும் கருக்கும், கல்ச்சரையும் கெடுக்கும்.

பொங்கலன்று மரத்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டோம். உள்ளங்கை அளவு இருந்தது. தீபாவளிக்குப் போனபோது மாரி பிஸ்கட் அளவுக்கு வந்திருந்தது. காலையில் பீலியடியில் கால் கழுவும்போது, அந்த விளிம்பில் தண்ணீர் சில்லென்று இருப்பது இப்போது தெரிகிறதாம்.