முன் சொக்கில் கறளா? மினுக்க முதல் இதைப் பாருங்கள்

மட்டக்களப்பில் கல்லடி, நாவலடிப் பக்கம் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. அங்கே நிற்கும் மோட்டார் சைக்கிளின் முன் சொக் ரியூப்பில், அதாவது முன் சில்லுக்கு மேலே மினுங்கும் குழாயில், கறள் பிடிக்காவிட்டால்தான் அதிசயம். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வரும் பைக்குகளில் வேறு கதை: கிரவல் கல் பட்ட வடு, சொக் ஒயில் கசியாமல் ரியூப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் சீலுக்குள் காய்ந்த சேறு. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய பைக்குகளை இழுத்துப் பிடித்து ஓட்டும் பழக்கம் கூடியதால், இந்த வேலை கராஜுக்கு நிறையவே வருகிறது.

ரியூப்பின் மேலே இருப்பது குரோமியப் பூச்சு. அது தானாகக் கறள் பிடிப்பதில்லை. ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. உப்பு ஈரம் அதற்குள்ளால் இறங்கி அடியில் இருக்கும் இரும்பைத் தின்னும். கறள் பருத்துப் பூச்சையும் கிளப்பிவிடும். மேலே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே குழி பெரிதாக இருக்கும்.

"பொலிஷ் அடிச்சுத் தாங்க அண்ணன்" என்று வருபவர்கள் கறளின் அளவைத்தான் காட்டுவார்கள். நான் பார்ப்பது அது இருக்கும் இடத்தை. சீலுக்குச் சற்று மேலே ரியூப்பைச் சுற்றி ஒரு கேபிள் டை (வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டி) போட்டு, ஒரு சுற்று ஓடிவிட்டு வாருங்கள். முன் பிரேக்கை நன்றாகப் பிடியுங்கள், ஓரிரு பள்ளத்திலும் இறக்குங்கள். டை எதுவரை தள்ளப்பட்டிருக்கிறதோ, அதுவரை சீல் ஏறி இறங்குகிறது. பார்த்ததும் டையை வெட்டி எடுத்துவிடுங்கள்.

அதற்கு மேலே உள்ள கறள் வெறும் அழகுப் பிரச்சினை. அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே பெரும்பாலும் போய்விடும். குரோமியத்தைவிட அலுமினியம் மென்மையானது, கீறாது. கழிப்பறை கழுவும் ஆசிட்டை மட்டும் தொடவேண்டாம். அது கறளோடு குரோமியத்தையும் கரைத்துவிடும். வெள்ளிப் பெயின்ற் அடித்து மறைப்பதும் வீண் வேலை.

டைக்குக் கீழே கறள் இருந்தால் சங்கதி வேறு. மேலும் கீழுமாக நகத்தால் தடவுங்கள். நகம் தட்டினால் சீலின் ரப்பர் உதடும் தட்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அறுபடும். பிறகு ஒயில் கசிந்து சொக் காலால் வழிந்து, டிஸ்க் பிரேக் உள்ள பைக்கில் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பாட்டை நனைக்கும். மாரி மழையில் பாலத்தில் வரும்போது பிரேக் பிடிக்காமல் போவது இப்படியும் நடக்கும். ஒயில் குடித்த பிரேக் பாட்டைக் கழுவி மீண்டும் போடாதீர்கள். புதிது வாங்குங்கள்.

ஓரிரண்டு சிறு குழிகள்தான் என்றால் காப்பாற்றலாம். துருத்தும் விளிம்பை எண்ணெய்க் கல்லால் (கத்தி தீட்டும் கல்) மெல்லத் தட்டையாக்கி, அசிற்றோனால் கொழுப்புப் போகத் துடைத்து, இரண்டு சின்ன ரியூப்பில் வரும் எபொக்சிப் பசையைக் கலந்து குழியில் நிரப்பி, நன்றாக இறுகும்வரை விட்டுவிடுங்கள். அப்புறம் 1000, கடைசியாக 2000 நம்பர் சாண்ட் பேப்பரை நனைத்து, மேடு தெரியாத அளவுக்குத் தேய்க்க வேண்டும். இது நகத்துக்குத் தட்டாமல் வந்தபிறகுதான் புது சீல். பழுதான ரியூப்பில் புது சீலை மட்டும் மாற்றிவிட்டு, சில வாரத்தில் "சீல் சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பாவம் கடைக்காரர்.

குழிகள் கூட்டமாக இருந்தாலோ பூச்சு உரிந்தாலோ எபொக்சி நிற்காது. ஹார்ட் குரோம் என்ற தடித்த பூச்சை அடித்து அளவுக்குக் கிரைண்ட் செய்விக்க வேண்டும், அல்லது ரியூப்பை மாற்ற வேண்டும். கதவுக் கைப்பிடிக்கு அடிக்கும் அலங்காரக் குரோம் மிக மெல்லியது, சீலின் உரசலைத் தாங்காது. சின்னப் பைக்குகளுக்கு மாற்று ரியூப்பே பெரும்பாலும் லாபம். பாவித்த ரியூப் வாங்குவதென்றால் கடையிலேயே கண்ணாடித் தட்டில் வைத்து உருட்டிப் பாருங்கள். ரியூப்புக்கும் கண்ணாடிக்கும் இடையே வெளிச்சம் தெரிந்து மறைந்தால் வளைந்த ரியூப். எவ்வளவு மினுங்கினாலும் வேண்டாம்.