ஆம்ப் வாங்குறதுக்கு முன்னாடி ஸ்பீக்கரோட பின்பக்கத்தைப் பாருங்க

ட்வீட்டர் (ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள ட்ரெபிள் சத்தத்தை மட்டும் தர்ற சின்ன ஸ்பீக்கர்) எரிஞ்சுபோச்சுன்னு ஸ்பீக்கரைத் தூக்கிட்டு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது எந்த ஆம்ப்ல, அதாவது ஆம்ப்ளிஃபையர்ல, ஓட்டுனீங்கன்னுதான். அனேகமா ஒரே பதில்தான் வரும், "சின்ன ஆம்ப்தான் சார், 30 வாட்ஸ், ஸ்பீக்கர் 100 வாட்ஸ் தாங்கும்னு போட்டிருக்கே, அப்புறம் எப்படி எரியும்?" இருபது வருஷத்துக்கு மேல ஆம்ப் சர்வீஸ் பண்றேன், என் மேஜைக்கு வந்த எரிஞ்ச ட்வீட்டர்ல பெரும்பாலானது சின்ன ஆம்ப்பை அதால முடியாத அளவுக்கு முறுக்கினதால போனதுதான்.

ஆம்ப் உள்ள இருக்குற பவர் சப்ளை இத்தனை வோல்ட்தான் தரும்னு ஒரு உச்சம் இருக்கு. அதுக்கு மேல சிக்னல் போகணும்னு நீங்க வால்யூமைத் திருப்பினா அலையோட தலை கத்தியால சீவின மாதிரி தட்டையாயிடும், இதைத்தான் கிளிப்பிங்னு சொல்றோம். அப்படி சீவும்போது புதுசா நிறைய உயர் அதிர்வெண் பொறக்குது, அதோட பேஸ் ஏற்கனவே கூரையில முட்டி நிக்க ட்ரெபிள் மட்டும் இன்னும் ஏறிக்கிட்டே போகுது, ரெண்டும் சேர்ந்து ட்வீட்டர் தலையிலதான் விழும். அதோட காயில் கம்பி முடி மாதிரி மெல்லிசு. ஸ்பீக்கர் மேல போட்டிருக்குற 100 வாட்ஸ் மொத்த பெட்டிக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு, அதுல ட்வீட்டர் தொடர்ந்து தாங்குறது கொஞ்சம் வாட்ஸ்தான்.

போன மாசம் ஒரு தம்பி மூணாவது தடவையா அதே ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். "வால்யூம் பாதிக்கு மேல வச்சதே இல்லண்ணே"ன்னு சத்தியமே பண்ணார், பொய் சொல்லல. ஆனா வால்யூம் குமிழ் பாதியில இருந்தா பவரும் பாதிதான்னு நினைக்கிறது தப்பு. சிடி ப்ளேயரும் இப்ப வர்ற டிஏசியும் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கு ஏத்த சிக்னலா மாத்துற பெட்டி) 2 வோல்ட் தருது, நிறைய ஆம்ப்புக்கு முழு பவர் கொடுக்க லைன் இன்புட்ல 200லேர்ந்து 500 மில்லிவோல்ட் வந்தாலே போதும். அதனால குமிழ் பாதியைத் தொடுறதுக்குள்ளயே ஆம்ப் மூச்சு முட்ட ஆரம்பிச்சிருக்கும். குமிழைப் பாக்காதீங்க, காதை நம்புங்க, பாட்டு கரகரன்னு, கூச்சமா, கத்துற மாதிரி ஆச்சுன்னா உடனே குறைச்சிடுங்க.

சரி, அப்ப எத்தனை வாட்ஸ் வேணும்? இதுக்கு பதில் ஆம்ப் கிட்ட இல்ல, ஸ்பீக்கர்கிட்டயும் நீங்க உக்கார்ற தூரத்துலயும் இருக்கு. ஸ்பீக்கர் விவரத்துல சென்சிடிவிட்டின்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, 86 டெசிபெல், 89 டெசிபெல் இப்படி. 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தா வர்ற சத்தம் அது, 8 ஓம் ஸ்பீக்கருக்கு (ஓம்ங்கிறது கரண்ட்டுக்கு ஸ்பீக்கர் காட்டுற எதிர்ப்பு) அந்த 2.83 வோல்ட் சரியா 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே வோல்ட் 2 வாட்ஸ் ஆயிடும், அதனால 4 ஓம் ஸ்பீக்கர்ல 89னு பாத்தா மனசுக்குள்ள 3 கழிச்சுக்கோங்க, நிறைய பேர் இதுல ஏமாந்து போறாங்க.

86 டெசிபெல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, நீங்க ஒரு 3 மீட்டர் தள்ளி உக்காந்திருக்கீங்கன்னு வச்சுக்குவோம். சாதாரண ரூம்ல ஒரு ஸ்பீக்கருக்கு 1 வாட்லயே சுமார் 82 டெசிபெல் கிட்ட வரும், அதுவே நல்ல சத்தம், பக்கத்துல இருக்குறவங்ககிட்ட குரலை உயர்த்தித்தான் பேசணும். "அப்ப 1 வாட் போதுமே"ன்னு தோணும், ஆனா இசை சமமா ஓடுற தண்ணி இல்ல, மிருதங்கத்துல ஒரு அடி, ட்ரம்ஸ்ல ஒரு அடி விழும்போது ஒரு கணம் சராசரியை விட 15, 20 டெசிபெல் மேல எகிறும். 10 டெசிபெல்லுக்கு 10 மடங்கு பவர், 20 டெசிபெல்லுக்கு 100 மடங்கு. சராசரியா 1 வாட்ல ஓடுற பாட்டு அந்த ஒரு அடிக்கு மட்டும் 100 வாட்ஸ் கேக்குது. இதே இடத்துல 91 டெசிபெல் ஸ்பீக்கர் இருந்தா சுமார் 32 வாட்ஸ்ல வேலை முடிஞ்சிடும். நீங்க மெதுவா கேக்குற ஆள்னா, 75 டெசிபெல் சராசரின்னா, 86 ஸ்பீக்கருக்கே 20 வாட்ஸ் போதும். ஆக 20க்கும் 100க்கும் நடுவுல உங்க கணக்கு எங்க விழுதுன்னு நீங்கதான் போட்டுப் பாக்கணும், கடையில இருக்குறவருக்கு உங்க ரூம் தெரியாது.

இதே கணக்குலேர்ந்து இன்னொண்ணும் புரியும். 50 வாட்ஸ் ஆம்ப்பை விட்டுட்டு கூட காசு போட்டு 60 வாட்ஸ் வாங்குறதுல கிடைக்குறது 0.8 டெசிபெல், காதுக்கு தெரியவே தெரியாது. 50லேர்ந்து 100க்கு போனாலும் 3 டெசிபெல்தான். சத்தம் ரெண்டு மடங்கு மாதிரி கேக்கணும்னா கிட்டத்தட்ட 10 மடங்கு பவர் வேணும்.

அடுத்தது ஓம். பெட்டியில 8 ஓம்னு இருந்தாலும் அது ஒரு பேச்சுக்கு வச்ச எண்தான், நிஜத்துல அதிர்வெண்ணுக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்கும். தரவிதிப்படி குறைஞ்சபட்சம் சொன்னதுல 80 சதவீதத்துக்கு கீழ போகக் கூடாது, அதாவது 8 ஓம்னா 6.4, ஆனா 4 ஓம் வரைக்கும் இறங்குறதையும் 8ன்னு எழுதி விக்கிறவங்க இருக்காங்க. அதனால ஆம்ப் வாங்கும்போது 8 ஓம்ல எவ்வளவு, 4 ஓம்ல எவ்வளவுன்னு ரெண்டையும் பாருங்க. 8ல 60, 4ல 100 அப்படின்னு இருந்தா உள்ள ட்ரான்ஸ்ஃபார்மரும் அவுட்புட் ட்ரான்சிஸ்டரும் தெம்பா இருக்குன்னு அர்த்தம். 4 ஓம் பத்தி வாயே திறக்காத ஆம்ப்பை 4 ஓம் ஸ்பீக்கர்ல மாட்டாதீங்க. ஏ, பி ரெண்டு ஜோடி டெர்மினல் இருக்கேன்னு நாலு ஸ்பீக்கரையும் மாட்டி ரெண்டு பட்டனையும் அமுக்குறவங்களும் கவனிங்க, பெரும்பாலான ஆம்ப்ல ரெண்டும் பேரலல்தான், 8ம் 8ம் சேர்ந்தா 4, ரெண்டு ஜோடியும் 4 ஓம்னா 2 ஆயிடும், அங்கதான் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போகுது.

அட்டையில போட்டிருக்குற வாட்ஸை எப்படி படிக்குறதுன்னு யாருமே சொல்லித் தர்றதில்ல, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். பிஎம்பிஓன்னு (பீக் மியூசிக் பவர் அவுட்புட்) இருந்தா அந்த எண்ணை மறந்துடுங்க, அதுக்கு அர்த்தமே கிடையாது. இந்த ஊதிப் பெருக்குற பழக்கம் இன்னைக்கு நேத்து வந்ததில்ல, இதைக் கட்டுப்படுத்தத்தான் அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974லயே வீட்டு ஆம்ப்புக்கு பவர் எப்படி அளக்கணும்னு விதி போட்டுச்சு. நீங்க தேட வேண்டியது ரெண்டு சேனலும் ஒண்ணா ஓடும்போது, 20 ஹெர்ட்ஸ்லேர்ந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், இத்தனை டிஎச்டியிலன்னு (ஆம்ப் சிக்னல்ல சேர்க்குற சிதைவோட சதவீதம்) முழுசா எழுதின எண். 1 கிலோஹெர்ட்ஸ்ல, 10 சதவீதம் டிஎச்டியிலன்னு இருந்தா அது ஆம்ப் ஏற்கனவே கிளிப் ஆன நிலையில அளந்தது, சுத்தமா கிடைக்குறது அதை விட நல்லாவே கம்மி. மத்தபடி டிஎச்டி 0.01ஆ 0.001ஆன்னு மண்டையை உடைச்சுக்காதீங்க, ரெண்டும் காதுக்கு ஒண்ணுதான்.

ஆம்ப் உள்ள வேலை செய்ற முறையை வச்சு ஏ, ஏபி, டின்னு கிளாஸ் பிரிப்பாங்க. சின்ன டி கிளாஸ் ஆம்ப் வாங்குறவங்களுக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கு, கூட வர்ற அடாப்டரைத் திருப்பிப் பாருங்க. 24 வோல்ட் 4 ஆம்பியர்னு இருந்தா பெருக்குங்க, 96 வாட்ஸ், அவ்வளவுதான் சுவத்துலேர்ந்து தொடர்ந்து வரப்போறது, மேல ரெண்டு சேனலுக்கும் 100 100ன்னு எழுதியிருந்தா எங்கேர்ந்து வரும்? அது மட்டுமில்ல, 24 வோல்ட் சப்ளையில பிரிட்ஜ் முறையில (ஸ்பீக்கரோட ரெண்டு முனையையும் ஆம்ப் எதிரெதிரா ஓட்டுறது) ஓடினாலும் 8 ஓம்ல ஒரு சேனலுக்கு 36 வாட்ஸ்தான் கணக்குப்படி உச்சம், நிஜத்துல அதுவும் வராது. மோசம்னு சொல்லல, நல்ல சென்சிடிவிட்டி ஸ்பீக்கர், சின்ன ரூம்னா அருமையா பாடும், ஆனா 100னு நம்பி முறுக்கினா அந்தத் தம்பி கதைதான்.

டி கிளாஸ்ல வர்ற 'டி'ன்னா டிஜிட்டல்னு நினைக்காதீங்க, அது வரிசையில வந்த ஒரு எழுத்து, அவ்வளவுதான். ஸ்விட்ச் மாதிரி போட்டு அணைச்சு வேலை செய்றதால 90 சதவீதம் கிட்ட திறமையா ஓடும், சூடு கம்மி. ஏபி கிளாஸ் நல்லா சூடாகும், ஆனா ரிப்பேர் பண்ண எனக்கு ரொம்ப வசதி, ட்ரான்சிஸ்டர் தனித்தனியா கிடைக்கும். ஏ கிளாஸ் சும்மா இருக்கும்போதே அடுப்பு மாதிரி கொதிக்கும். எந்த கிளாஸா இருந்தாலும் நல்லா வடிவமைச்சதா இருக்கணும், அதுதான் விஷயம். எல்லைக்குள்ள ஓட்டி, சத்தத்தை மீட்டர் வச்சு சமமாக்கி கேட்டா நல்ல ஆம்ப் ரெண்டுக்கு நடுவுல வித்தியாசம் ரொம்பக் கம்மின்னுதான் என் அனுபவம். டெமோ கேக்கும்போது இதை மறக்காதீங்க, 1 டெசிபெல் கூட இருந்தாலே மனசு அதுதான் நல்லா இருக்குன்னு சொல்லிடும். மிச்சப்பட்ட காசை ஸ்பீக்கர்ல போடுங்க.

வசதிகள்ல உங்களுக்கு நிஜமா எது வேணுமோ அதை மட்டும் பாருங்க. டிவி இணைக்கணும்னா எச்டிஎம்ஐ ஏஆர்சி, பிற்பாடு கூடுதல் பேஸ் தேவைப்படலாம்னா சப்வூஃபர் அவுட். ரெக்கார்ட் ப்ளேயர் இருந்தா ஃபோனோ இன்புட், ஆனா அது எம்எம்மா (மூவிங் மேக்னெட்) எம்சியான்னு (மூவிங் காயில்) கேளுங்க, எம்எம் கார்ட்ரிட்ஜ் (ரெக்கார்டைத் தொடுற ஊசி இருக்குற பாகம்) 5 மில்லிவோல்ட் கிட்ட தரும், சாதாரண எம்சி அரை மில்லிவோல்ட் கூட தராது, எம்எம் இன்புட்ல மாட்டினா சத்தம் ரொம்ப கம்மியா வந்து இரைச்சல்தான் தூக்கலா கேக்கும். உள்ளயே ஸ்ட்ரீமிங் இருக்குற ஆம்ப்புக்காக ரொம்ப கூட கொடுக்காதீங்க, ஆம்ப் 25 வருஷம் ஓடும், உள்ள இருக்குற ஸ்ட்ரீமிங் சாஃப்ட்வேருக்கு அத்தனை வருஷம் அப்டேட் வராது. தனியா ஒரு ஸ்ட்ரீமர் வச்சுக்கிட்டா அதை மட்டும் மாத்திக்கலாம்.

வாங்கின பிறகு அதை எங்க வைக்குறீங்கங்கிறதும் முக்கியம். ஒரு அம்மா கொண்டுவந்த ஆம்ப்ல கெப்பாசிட்டர் எல்லாம் உப்பி நின்னுச்சு, விசாரிச்சா கதவு போட்ட அலமாரிக்குள்ள, அது தலை மேல செட்டாப் பாக்ஸ். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினா ஆயுசு பாதி ஆயிடும், மேல ஒரு சாண் இடமாவது விட்டு வைங்க, அது மேல எதையும் ஏத்தாதீங்க.

பழைய ஆம்ப் வாங்குறதா இருந்தா குறைஞ்சது அரை மணி நேரம் ஓடவிட்டு கேளுங்க. ஆன் பண்ணி சில வினாடியில டிக்னு ரிலே (ஸ்பீக்கரை ஆம்ப்போட இணைக்குற உள் ஸ்விட்ச்) சத்தம் வரணும், வராட்டா ஆம்ப் ஏதோ கோளாறைக் கண்டு ப்ரொடெக்‌ஷன்ல நிக்குதுன்னு அர்த்தம் (சில மாடல்ல ரிலேயே கிடையாது, அதை முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க). ஒரு பக்கம் சத்தம் விட்டு விட்டு வந்து வால்யூம் ஏத்தினா சரியாகுதுன்னா ரிலே காண்டாக்ட் கறுத்திருக்கு, அது சின்ன வேலை. குமிழைத் திருப்பும்போது கரகரன்னா அதுவும் சின்ன வேலைதான், பேரத்துக்கு உதவும். பயப்பட வேண்டியது டிசி ஆஃப்செட் (பாட்டு ஓடாதப்பவும் ஸ்பீக்கர் டெர்மினல்ல நிக்குற டிசி வோல்ட்), அதனால ஸ்பீக்கரைக் கழட்டிட்டு, வால்யூமை பூஜ்யத்துல வச்சு, மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்ல போட்டு, ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு உரசாம பாத்து ஸ்பீக்கர் டெர்மினல்ல வைங்க, 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா நிம்மதியா வாங்கலாம், 100ஐத் தாண்டினா விக்கிறவரையே சரி பண்ணிக் காட்டச் சொல்லிட்டு அப்புறம் பணத்தை எடுங்க.