‘ஒண்ணுமில்லீங்க டொக்டர், அசதிதான்’

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கிளினிக்கில் என் மேசைக்கு முன்னால் வந்து உட்காரும் பெண்களிடம் “என்ன செய்யுது?” என்று கேட்டால் முதலில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஒண்ணுமில்லீங்க டொக்டர், அசதியா இருக்கு.” பள்ளிக்கூடச் சட்டையோடு வரும் பதினாலு வயதுப் பிள்ளை அதையே சொல்கிறாள். கைக்குழந்தையோடு வருபவளும் அதையே சொல்கிறாள். வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் அறுபது வயது அம்மாயிக்கும் அதே அசதிதான்.

என் அம்மாவும் கொழுந்தெடுத்தவர். பொழுது சாய்ந்து தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்து, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, இஸ்தோப்புத் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்ததும் அவர் சொல்லும் அந்தச் சொல்லை நாங்கள் யாரும் நோயாகக் கேட்டதில்லை. நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கியவருக்கு அசதி இருக்காதா? மருத்துவம் படிக்கப் போய், ஒரு விடுமுறைக்கு வந்தபோது அவருடைய கீழிமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. மறுநாள் இரத்தம் சோதித்தால், 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 7. அந்த உடம்போடு அவர் நாள் தவறாமல், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போயிருக்கிறார். எத்தனை வருடமாக என்று கேட்டால் இன்றும் அவருக்குச் சொல்லத் தெரியாது.

அதிலிருந்து, யாராவது ‘அசதி’ என்றால் நான் அதோடு விடுவதில்லை. தூங்கி எழுந்தால் போகிறதா? மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறதா? நெஞ்சு படபடக்கிறதா? மாதவிலக்கு எத்தனை நாள்? தூங்கி எழுந்தும் போகாத அசதியை வேலையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அதற்குள் என்ன இருக்கிறது என்பது வயதுக்கு வயது மாறும்.

முதலில் பிள்ளைகள். ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் நம் வீடுகளில் நல்லெண்ணெய், முட்டை, உளுந்தங்களி என்று பதினாறு நாளும் தாங்கு தாங்கென்று தாங்குவார்கள். சடங்கு முடிந்த பிறகு அவளுக்கு மாதவிலக்கில் எத்தனை நாள் இரத்தம் படுகிறது, எவ்வளவு படுகிறது என்று கேட்க ஆளில்லை. பாடசாலைக் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த ஒரு பிள்ளையை என்னிடம் கொண்டுவந்தார்கள். காலையில் சாப்பிடாமல் போயிருப்பாள் என்றார் அம்மா. தனியாக அழைத்துக் கேட்டபோதுதான், ஒரு வருடமாக மாதம் பத்து, பன்னிரண்டு நாள் படுகிறது என்றாள். “எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்” என்றாள். ஹீமோகுளோபின் 6.

முதல் இரண்டு வருடம் மாதவிலக்கு முன்பின் ஆவது இயல்பு. ஆனால் ஏழு நாளுக்கு மேல் படுவதும், ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை பேட் நனைந்து மாற்ற வேண்டியிருப்பதும் இயல்பல்ல. தொடக்கத்திலிருந்தே அப்படி இருந்தால், இரத்தம் உறைவதில் குறை இருக்கிறதா என்றுகூடப் பார்க்க வேண்டும். வலியால் மாதாமாதம் பள்ளிக்கூடம் போகமுடியவில்லை என்றாலும், பதினைந்து வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்றாலும் கூட்டி வாருங்கள். இன்னொன்று, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2017 முதல் எச்.பி.வி. தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது. பாடசாலையிலிருந்து வரும் அனுமதிக் கடிதத்தில் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். அந்த ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்று லயங்களில் சுற்றும் பேச்சு பொய்.

இரத்தக் குறைவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அதன் வேர் நம் கோப்பைக்குள்ளேயே இருக்கிறது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் இரத்தக் குறைவு, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே. இரும்புச்சத்துக் குறைவதே பெரும்பாலும் காரணம். நாம் ரொட்டியையும் கட்டச் சம்பலையும் தின்று, கையோடு சாயத் தேத்தண்ணி குடிக்கிறோம். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, சாப்பாட்டிலிருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் வெளியே கொண்டுபோய்விடும். சேர வேண்டிய இரும்பு பாதிக்கும் கீழே குறைந்துவிடலாம். உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுக்கும் கைகளுக்குச் சொந்தக்காரிகள் இரத்தமில்லாமல் நிற்பதற்கு அதே தேயிலையும் ஒரு காரணம் என்பது எனக்கு ஆறாத வேதனை.

தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. அந்தக் குளிரில், அந்த மழையில் அதுதான் உயிர் என்று எனக்கும் தெரியும். சாப்பாட்டோடு மட்டும் வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டில் தேசிக்காய்ப் புளி விடுங்கள். ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். அவை இரும்பு சேர உதவும். நெத்தலி, முட்டை, முருங்கைக்கீரை எல்லாம் வீட்டில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்த பிறகு மிஞ்சினால்தான் அம்மாவுக்கு என்ற வழக்கம் போக வேண்டும். இரும்புக் குளிசையைத் தண்ணீரோடு குடியுங்கள், தேத்தண்ணியோடும் வேண்டாம், கல்சியம் குளிசையோடும் வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். வயிற்றைப் புரட்டினால் நிறுத்தாமல் ராத்திரி படுக்கும்போது போடுங்கள். அசதி குறைந்ததும் பலர் குளிசையைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் போட்டால்தான் உடம்பின் இருப்பு நிரம்பும். கொக்கிப்புழுவும் இரத்தத்தை உறிஞ்சும். வெறுங்காலோடு நடக்கும்போது ஈர மண்ணிலிருந்து தோல் வழியே ஏறும் புழு அது. ஆகவே செருப்பும் பூச்சி மருந்தும் இரத்தக் குறைவுக்கான வைத்தியத்தில் சேர்ந்தவை. குளிசையை ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லை என்றால் பரம்பரையாக வரும் தலசீமியா போன்ற வேறு காரணம் உண்டா என்று சோதிக்க வேண்டும்.

கர்ப்பமானால் மூன்று, நாலு மாதம் வரை வெளியில் சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும் என்று மூடி வைப்பார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். பிள்ளையின் மூளையும் முதுகுத் தண்டும் உருவாகும் குழாய், கரு உண்டாகி ஏறக்குறைய 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. மாதவிலக்குத் தள்ளிப்போனதை நாம் கவனிப்பதற்குள் முக்கியமான வேலை முடிந்துவிடும். அதனால்தான் கல்யாணமான கையோடு ஃபோலிக் அமிலக் குளிசையைத் தொடங்கச் சொல்கிறோம். கர்ப்பகாலத்தில் இரத்தத்தில் சீனி கூடியவர்கள், பிள்ளை பிறந்து ஆறு வாரம் கழித்துத் திரும்பவும் சோதிக்க மறக்க வேண்டாம். கடுமையான தலையிடி, கண் மங்குதல், முகம் வீங்குதல், இரத்தம் படுதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல், இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸுக்குக் காசில்லை. தனியார் துறையில், தோட்டங்களில் வேலை செய்யும் தாய்மாருக்குச் சம்பளத்தோடு 84 நாள் பிரசவ விடுமுறை சட்டப்படி உண்டு. மூன்றாவது பிள்ளைக்கும் அதே அளவுதான்.

பிள்ளை பெற்றவளின் அசதிக்கு இன்னொரு முகம் இருக்கிறது. காரணமில்லாமல் அழுவாள், பிள்ளையைத் தூக்கப் பிடிக்காது, பிள்ளை தூங்கினாலும் இவளுக்குத் தூக்கம் வராது. முதல் சில நாள் மனம் தளும்புவது பலருக்கும் உள்ளதுதான். இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் அது மனச்சோர்வு நோய். ‘காத்து கருப்பு’ என்று மந்திரிக்கப் போய் நாள் கடத்துவதைப் பார்க்கிறேன். நூல் கட்டுவதென்றால் கட்டிக்கொள்ளுங்கள், அதே நாளில் எங்களிடமும் வாருங்கள். சாக வேண்டும்போல இருக்கிறது என்று அவள் சொன்னால் ஒரு நிமிடமும் தனியே விட வேண்டாம். வீட்டில் அடியும் ஏச்சும்தான் காரணம் என்றால், பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ‘மிதுரு பியச’ என்ற நட்பு நிலையம் இருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 1938இலும் பேசலாம்.

இனி, இந்த மலைகளில் அதிகம் மறைக்கப்படும் ஒன்று. நாற்பத்தேழு வயதுப் பெண் ஒருவர் இருமலுக்கு மருந்து கேட்டு வந்தார். கதிரையில் ஒரு பக்கமாகவே உட்கார்ந்தார். மருந்து எழுதி முடித்தும் எழுந்திருக்கவில்லை. “வேற ஏதும் சொல்லணுமா அக்கா?” என்றேன். கதவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “கீழ ஏதோ எறங்குதுங்க டொக்டர்” என்றார். கர்ப்பப்பை இறக்கம். ஒன்பது வருடமாக ஒரு துணியைக் கோவணம்போல் இறுக்கிக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுத்திருக்கிறார். புருஷனுக்குக்கூடச் சொல்லவில்லை. கடைசி மகளின் கல்யாணம் முடியட்டும் என்று வைத்திருந்தாராம்.

நாலு பிரசவம், அதில் ஒன்று ஒன்றரை நாள் இழுத்த பிரசவம். பிறகு நாளுக்கு 18, 20 கிலோ கொழுந்து, அதைச் சுமந்துகொண்டு மேடு ஏறுவது. விறகடுப்புப் புகையில் வந்த தீராத இருமல். கர்ப்பப்பையைத் தாங்கும் தசைகள் தளர இவ்வளவு போதும். தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடமில்லை என்று மலையில் தாகத்தோடு நிற்பதால் மலச்சிக்கலும் சேரும். அதற்கு முக்குவதும் கீழேதான் தள்ளும். சிறுநீரை அடக்குவதால் அடிக்கடி எரிச்சலும் கிருமித் தொற்றும் வருவது வேறு.

இதற்கு வைத்தியம் இருக்கிறது, அதுவும் ஒன்றுக்கு மூன்றாக. தொடக்கத்தில் தசைப் பயிற்சி: சிறுநீரையும் காற்றையும் ஒன்றாக அடக்குவதுபோல் உள்ளே இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, விட வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று தடவை. சிறுநீர் கழிக்கும்போது செய்யாதீர்கள். மற்ற நேரம் எங்கே நின்றும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. அடுத்தது, உள்ளே தாங்கிப் பிடிக்கும் ஒரு வளையம். கிளினிக்கிலேயே சில நிமிடத்தில் வைத்துவிடலாம். மிஞ்சினால் சத்திரசிகிச்சை. அந்த அக்காவுக்கு அன்றே வளையம் வைத்தேன். அடுத்த தடவை வந்தபோது கதிரையில் நேராக உட்கார்ந்தார்.

அவர் ஒன்பது வருடம் வராமல் இருந்ததற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. “கிளினிக்குக்கு வந்தா அன்னைக்குப் பேர் போயிருமே” என்றார். பேர் என்பது ஒரு நாள் வேலைக்கான சம்பளப் பதிவு. அரைநாளில் வந்தால் அரைப் பேர், பஸ் காசு தனி. இந்தக் கணக்கை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் அம்மாவும் அதே கணக்கைத்தான் போட்டார். தோட்டங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் இதை வாசித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கிளினிக் அட்டை காட்டும் பெண்ணுக்கு அன்றைய பேரைப் போடுங்கள்.

பேர் போனாலும் பரவாயில்லை என்று வர வேண்டிய இரண்டு நாட்கள் உண்டு. 35 வயதில் ஒன்று, 45 வயதில் ஒன்று. சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் இந்த நாட்டில் இலவசமாக நடக்கிறது. இரத்த அழுத்தம், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடுவார்கள். கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் வருவதற்குப் பல வருடம் முன்பே அணுக்கள் மாறத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் புற்றுநோய் ஆகாமலே தடுக்கலாம். சில நிமிட வேலை, மாதவிலக்கு இல்லாத நாளில் வந்தால் போதும். “எனக்கு ஒண்ணுமே செய்யலையே, எதுக்கு?” என்பார்கள். ஒன்றும் செய்யாதபோது பார்ப்பதற்குத்தான் இந்தக் கிளினிக். இலங்கைப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். மாதாமாதம் மாதவிலக்கு முடிந்த சில நாளில், குளிக்கும்போது விரல்களால் தடவிப் பாருங்கள். வலிக்காத கட்டிதானே என்று விடாதீர்கள், அது பெரும்பாலும் வலிக்காது.

அசதிக்கு மருந்தென்று வெற்றிலையும் பொயிலையும் மெல்கிறார்கள். வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படலம், ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாய் முன்புபோல் திறக்காமை, இவை வாய்ப் புற்றுநோய்க்கு முந்திய அடையாளங்கள். பாக்கு மட்டும் போட்டாலும் ஆபத்துதான்.

நாற்பத்தைந்துக்கு மேல் மாதவிலக்குக் கட்டிகட்டியாகப் போனால், “நிக்கிற வயசு, அப்பிடித்தான்” என்று பக்கத்துக் காம்பராவில் ஆறுதல் சொல்வார்கள். கருப்பைக் கட்டியாக இருக்கலாம், ஸ்கேன் எடுக்க வேண்டும். நுவரெலியாக் குளிரிலும் நடுச்சாமத்தில் வேர்த்துப்போய்க் கம்பளியை உதறி எறிவது மட்டும் அந்த வயதுக்கு உரியதுதான். பொறுக்க முடியாவிட்டால் அதற்கும் வழி இருக்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு தேயும், அழுத்தமும் சீனியும் கூடும். மாரடைப்பு பெண்களுக்கு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது. திடீர் அசதி, மூச்சு முட்டல், வேர்வை, மேல்வயிற்றில் ஒரு பிசைவு என்றும் வரும். வாயு என்று சொல்லி இஞ்சித் தண்ணி குடித்துவிட்டுப் படுக்க வேண்டாம், இதற்கும் 1990தான்.

கடைசியாக ஒன்று. மாதவிலக்கு நின்று ஒரு வருடமான பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், ஒரே ஒரு நாள் பட்டு நின்றுவிட்டாலும், அந்த வாரத்திலேயே வாருங்கள். போன தீபாவளிக்குப் பட்டதை இந்தத் தீபாவளிக்குச் சொன்ன அம்மாமாரை நான் பார்த்திருக்கிறேன். பேத்தியையோ மருமகளையோ துணைக்கு அழைத்து வாருங்கள். துணைக்கு வருபவளின் கீழிமையையும் இழுத்துப் பார்த்துவிடுகிறேன்.