முதல் என்றால் எங்கிருந்து முதல்?

காரைக்குடியில் பத்திரம் எழுதுவது என் தொழில். எழுதும்போது நான் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்கிற சொல் ‘முதல்’.

சில வருடங்களுக்கு முன் அண்ணன் தம்பி இருவர் ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு வந்தார்கள். ‘வளவின் வடபக்கம் முதல் வீடு நம்மில் 1-வது நபருக்கு’ என்று அதில் இருந்தது. (வெளியூர்க்காரர்களுக்கு: வளவு என்பது வீட்டின் நடுவே முற்றம் உள்ள பகுதி; எங்கள் பக்கம் அதைச் சுற்றியுள்ள அறைக்கும் ‘வீடு’ என்றுதான் பெயர்.) செட்டிநாட்டின் பெரிய வீடுகளுக்கு ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். இவர்கள் வீட்டில் முகப்பைப் பூட்டிப் பல வருடம். புழக்கமெல்லாம் பின்வாசல் வழிதான்.

“அப்பச்சி இருந்தப்பவே இந்தப் பக்கந்தானண்ணே வந்து போனோம்? இதுதான் முதல் வீடு” என்றார் தம்பி.

“முகப்பு எங்க இருக்கோ அங்கேருந்துதான்டா எண்ணணும்” என்றார் அண்ணன்.

இருவர் கணக்கும் சரிதான். எங்கிருந்து எண்ணுவது என்று பத்திரம் சொல்லவில்லை. கடைசியில் பிழைதிருத்தல் பத்திரம் போட்டோம்: ‘கிழக்கேயிருந்து மேற்காக எண்ண 1-வதாக உள்ள வீடு’. கூடவே நான்கு மால் (நாற்புற எல்லை), நீள அகலம், ஒரு வரைபடம். இடது, வலது என்று மட்டும் எழுதாதீர்கள். ஆள் திரும்பி நின்றால் அதுவும் மாறிவிடும்.

பார்க்கப்போனால் ‘முதல்’ எண்ணிலிருந்து பிறந்த சொல்லே இல்லை. அடி, வேர், தொடக்கம் என்பதுதான் அதன் பொருள். கன்னடத்தில் ‘மொதலு’, தெலுங்கில் ‘மொதலு’, மலையாளத்தில் நம்மைப்போலவே ‘முதல்’. இரண்டாம், இரண்டாவது எல்லாம் எண்ணோடு ‘ஆகு’ என்ற வினை சேர்ந்து வந்தவை. ‘ஒன்றாம்’ என்றும் உண்டு, ஆனால் வேலை வேறு: ஒன்றாம் வகுப்பில் குழந்தை படிக்கும், முதல் வகுப்பில் ரயில் பயணம் போவோம். ‘ஆவது’ இன்னொரு வம்பு. “ரெண்டாவது குடுங்க” என்றால் இரண்டாம் பொருளா, குறைந்தது இரண்டா?

வட்டித்தொழில் தெரிந்த ஊரில் ‘முதல்’ என்றால் அசலும்தான். இது நேற்று வந்த பொருள் இல்லை; ‘முதலிலார்க்கு ஊதியமில்லை’ என்று குறளே சொல்கிறது. சிக்கல் புரோநோட்டின் பின்பக்கத்தில் வரும். ‘முதல் வரவு ரூ.50,000’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கடன் வாங்கியவர் அசலில் 50,000 கழிந்தது என்பார். கொடுத்தவர் அது முதல் தவணை, வட்டிக்கே சரியாகிவிட்டது என்பார். ‘அசலில் வரவு’ அல்லது ‘வட்டிக்கு வரவு’ என்று எழுதினால் பேச்சே இல்லை.

அப்புறம் தேதி. ‘1-4-2025 முதல்’ என்றால் நாம் ஒன்றாம் தேதியையும் சேர்த்துத்தான் எண்ணுவோம். ஆனால் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 110-ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது: குத்தகைக் காலம் ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து தொடங்குவதாக எழுதியிருந்தால், கணக்கில் அந்த நாளை விட்டுவிட வேண்டும். அதனால் என்னிடம் வாடகைப் பத்திரம் எழுத வருபவர்களுக்கு ‘1-4-2025-ஐயும் உள்ளிட்டு’ என்று எழுதி, முடியும் தேதியையும் தனியாகப் போட்டுக்கொடுக்கிறேன்.