பெயர் லிஸ்டில் இல்லை, இடாப்பில் இருக்கிறது

போன மாதம் அம்மாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மேசையில் இருந்த தம்பி கையிலிருந்த தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மா, உங்கட பேர் லிஸ்டில இல்லையே" என்றார். அம்மா அசரவில்லை. திருகோணமலைப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருசம் படிப்பித்தவர். "லிஸ்டை விடுங்கோ தம்பி, டாப்பைப் பாருங்கோ" என்றார். தடித்த கொப்பியொன்று உள்ளேயிருந்து வந்தது. பெயர் இருந்தது. அதிலிருந்து தாளுக்கு இறக்கியவர் ஒரு வரியைத் தவறவிட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

டாப்பு என்றால் இடாப்பு, ஆங்கிலத்தில் ரெஜிஸ்டர். லிஸ்ட் வேறு, இடாப்பு வேறு என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நாம்தான் எல்லாவற்றையும் "பட்டியல்" என்ற ஒரே பைக்குள் போட்டுவிடுகிறோம்.

லிஸ்ட் என்ற சொல் செர்மானிய மூலத்திலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் அது துணியின் கரையை, நீளமாகக் கிழித்த துண்டைக் குறித்தது. பிறகு கடதாசித் துண்டு, அப்புறம் அந்தத் துண்டில் வரிசையாக எழுதிய பெயர்கள். இதன் ஒல்லாந்த உறவுச் சொல்தான் சிங்களத்தில் 'லைஸ்துவ' என்று நிற்கிறது. செடியூல் என்பதும் ஒரு துண்டுதான். இலத்தீனில் சின்னப் பப்பிரசுத் தாள். நாங்களும் மருந்துக்கடைக்கு "துண்டை" நீட்டுகிறவர்கள்தானே. ஒரு தேவைக்கு எழுதி, தேவை முடிந்ததும் கசக்கி எறியக்கூடியது லிஸ்ட். சந்தைக்குக் கொண்டுபோகும் சாமான் வரிசை அதற்கு நல்ல உதாரணம். பட்டியல் என்ற சொல் இதற்குத்தான் சரியாகப் பொருந்தும்.

ரெஜிஸ்டர் அப்படியல்ல. இலத்தீனில் 'ரெ' என்றால் திரும்ப, 'கெரெரெ' என்றால் சுமத்தல். நடந்தவற்றைத் திரும்பக் கொண்டுவந்து ஓரிடத்தில் சேர்த்து வைத்தது. இன்று எழுதி நாளை எறிய முடியாது. ஆள் பிறந்தால் கூட்டவேண்டும், இறந்தால் வெட்டவேண்டும், இடம் மாறினால் திருத்தவேண்டும். தமிழ்நாட்டில் பதிவேடு என்கிறார்கள், அதுவும் நல்ல சொல். பனையோலை ஏடு இன்னும் அதற்குள் இருக்கிறது. பேரேடு, நாளேடு, குறிப்பேடு எல்லாம் அதே குடும்பம். ஆனால் அங்கே 'வாக்காளர் பட்டியல்' என்பதை இங்கே 'வாக்காளர் இடாப்பு' என்கிறோம். நம்முடையதுதான் பொருத்தம் என்பேன், ஊர்ப்பற்று என்று நினைத்தாலும் பரவாயில்லை. வருசா வருசம் திருத்தி வைத்துக்கொள்வது இடாப்பு. அதிலிருந்து ஒரு வேலைக்காகப் பிரித்து எழுதுவது பட்டியல். வகுப்பில் காலையில் ஆசிரியர் கூப்பிடுவதும் வரவு இடாப்புத்தான், பேச்சில் 'டாப்பு'.

இந்த வகையில் இலங்கைக்கென்றே இன்னொரு சொல் உண்டு: தோம்பு. போர்த்துக்கேயரின் 'டொம்பு'. லிஸ்பனில் இருக்கும் அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்துக்கு இன்றைக்கும் 'டொம்புக் கோபுரம்' என்றுதான் பெயர். பின்னால் வந்த ஒல்லாந்தர் சொல்லை மாற்றவில்லை. காணியை எழுதினால் காணித் தோம்பு, ஆட்களை எழுதினால் தலைத் தோம்பு.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபைல். இலத்தீனில் 'ஃபிலும்' என்றால் நூல். தாள்களைத் துளைத்து நூலில் அல்லது கம்பியில் ஏற்றி வைத்ததால் வந்த பெயர். எங்கள் ஊர் மத்திய வீதிப் பழைய கடைகளில் வளைந்த கம்பியில் பில்களைக் குத்தித் தொங்கவிட்டிருப்பார்களே, சொல்லின் நேர்ப்பொருளில் அதுதான் ஃபைல். தமிழில் என்ன சொல்கிறோம்? கோப்பு. பூக் கோத்தல், மணி கோத்தல் என்கிறோமே, அந்தக் 'கோ'. ஆங்கிலத்தில் நூலின் பெயர், தமிழில் நூலில் ஏற்றும் செயலின் பெயர். ஏட்டுச்சுவடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஓலையில் இரண்டு துளை. ஒன்றில் கயிறு, மற்றதில் நாராசம் என்ற மெல்லிய கம்பி. இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு வேண்டுமா?

இன்டெக்ஸும் இதே அழகுதான். இலத்தீனில் அது சுட்டுவிரல். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்துகொண்டு "அங்கே பார்" என்று விரல் நீட்டுவது. சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளை ஒவ்வொன்றும் விடைத்தாளின் மேலே சுட்டெண் எழுதியிருக்கும். அதற்குள்ளும் அந்த விரல் இருக்கிறது. பள்ளிக்கூடத்து நேரசூசியில் வரும் சூசி வடமொழியில் ஊசி. குத்திக் காட்டுவது.

கற்றலொக்கை (catalogue) விரைவாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் ஒன்றும் விடாமல் எண்ணிச் சொல்வது. நூலகத்துக்கு நூற்பட்டியல் போதும், கடைக்கு விலைப்பட்டியல் போதும்.

ரெக்கோர்ட் கொஞ்சம் சிக்கல். அதன் வேரில் இருப்பது 'கோர்', இலத்தீனில் இதயம். மனதுக்குத் திரும்பக் கொண்டுவருதல், அதாவது நினைவுகூர்தல். நாம் தமிழ்ச் சொல் என்றே நினைத்துக்கொண்டிருக்கும் அட்டவணையும் மராத்தியிலிருந்து வந்தது. அங்கே மூலச்சொல்லுக்கு நினைவு என்று பொருள். செய்கையைச் சொன்னால் பதிவு, கையில் கிடைக்கும் பொருளைச் சொன்னால் ஆவணம் என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மீதிப் பாதிக்குத் திருகோணமலையில் ஒரு சொல் இருக்கிறது. கோணேசர் கோயிலில் யார் யார் என்ன தொழும்பு, அதாவது பணி, செய்யவேண்டும் என்று வரையறுத்த கவிராசவரோதயனின் நூலுக்குப் பெயர் கோணேசர் கல்வெட்டு. கல்லில் வெட்டியதல்ல, செய்யுளும் உரையுமாக எழுதிய நூல். மெய்யான கல்லெழுத்தைப் பார்க்க பிரெடரிக் கோட்டை வாசலுக்குப் போகவேண்டும், இரட்டைக் கயலோடு பதிந்திருக்கிறது. ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுக்கும் சின்னப் புத்தகமும் எங்களுக்குக் கல்வெட்டுத்தான். எங்கள் வீட்டு அலுமாரியில் அப்படி ஒரு கட்டு இருக்கிறது. அம்மா அதை நூலால் கட்டி வைத்திருக்கிறார்.